போர்த் தண்ணீரும் மாடி மீன்தொட்டியும்

வீட்டு அக்வாபோனிக்ஸில் மீன் செத்து மிதந்தால் குஞ்சு விற்றவரையோ, தண்ணீர் மாற்றாமல் விட்ட வீட்டாரையோ குறை சொல்வது வழக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில், அதிலும் கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலான கரையோரத்தில், இந்த இரண்டுக்கும் முன்னால் விசாரிக்கப்பட வேண்டியது தண்ணீர். மீன், அதன் கழிவை உரமாக்கும் பாக்டீரியா, அந்த உரத்தை உண்ணும் செடி ஆகிய மூன்றும் ஒரே தண்ணீரில் வாழ வேண்டும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. பாக்டீரியா பி.எச். 7-க்கு மேல் சுறுசுறுப்பாக வேலை செய்யும். செடிக்கு 6-ஐ ஒட்டி இருந்தால்தான் இரும்புச்சத்து கிடைக்கும். மூன்றுக்கும் ஒத்துவரும் சமரசமாக 6.5 முதல் 7 வரை என்று கையேடுகள் சொல்கின்றன. இந்தச் சமரசத்துக்கு முன்னுதாரணம், விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி பல்லாண்டு நடத்திய அமைப்பு. அங்கே ஊற்றியது மழைநீர். அது நாளுக்கு நாள் புளித்துக்கொண்டே போகும் என்பதால் சுண்ணாம்பும் பொட்டாஷ் காரமும் மாற்றி மாற்றிச் சேர்த்து பி.எச்.சை உயர்த்தினார்கள். அந்தப் பாடத்தை அப்படியே எடுத்துவந்து, உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த போர்த் தண்ணீரில் நடத்திப் பார்ப்பதில்தான் நம்மூர்ச் சிக்கல் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஆயிரம் லிட்டர் தொட்டி, மூன்று சதுர மீட்டர் கீரைப் பாத்தி என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்ற வழக்கமான அளவில் நாளுக்கு 150 கிராம் போட வேண்டும். 32 சதவீதப் புரதம் உள்ள தீவனமானால் அதிலிருந்து சுமார் 4.4 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வெளிவரும். வடிகட்டி ஒரு நாள் படுத்துவிட்டால் தொட்டியில் லிட்டருக்கு 4.4 மில்லிகிராம் சேரும். தண்ணீர் 30 டிகிரியும் பி.எச். 7-உம் இருந்தால் அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் செவுளைத் தாக்கும் நச்சு வடிவில் இருக்கும், மீன் தாக்குப்பிடிக்கும். அதே தண்ணீர் பி.எச். 8-ல் இருந்தால் நச்சுப் பங்கு ஏழு சதவீதத்தைத் தாண்டி, லிட்டருக்கு 0.3 மில்லிகிராமை எட்டிவிடும். அது மீனைத் துன்புறுத்தப் போதுமான அளவு. ஆகவே மழைநீரில் பொறுத்துக்கொள்ளப்படும் ஒருநாள் கோளாறு போர்த் தண்ணீரில் இழப்பாக முடிகிறது. பாத்தியில் போடும் கல்லும் இதில் சேர்த்தி. செங்கல்பட்டுக் குவாரிகளின் கருங்கல் ஜல்லி தண்ணீரோடு வினைபுரியாது. கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலும் பளிங்குத் துண்டும் கரைந்துகொண்டே இருந்து பி.எச்.சைக் கீழே இறங்க விடாது. நாலு துளி எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தாலே இதைக் கண்டுகொள்ளலாம்.

கடின நீரைக் கெட்டது என்று ஒதுக்கிவிடவும் முடியாது என்பது இந்தப் பிரச்சினையின் நுட்பமான பகுதி. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற பாக்டீரியா சுமார் 7 கிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. மேலே சொன்ன தொட்டியில் அது நாளுக்கு 31 கிராம். செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போது இதில் ஒரு பகுதி திரும்பி வரும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுபவருக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழைநீரை மட்டும் நிரப்புபவருக்கும் கையிருப்பே கிடையாது. சில நாளில் பி.எச். 6-க்குக் கீழே சரிந்து பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். போர்த் தண்ணீர்க்காரருக்கும் இதே சரிவு ஒன்றிரண்டு மாதம் கழித்து வரும், அவர் எதிர்பாராத நேரத்தில். சரிந்த தண்ணீரில் அம்மோனியா ஏறும், ஆனால் நச்சில்லாத வடிவில் இருப்பதால் மீன் நீந்திக்கொண்டுதான் இருக்கும். சோதனைப் பெட்டியில் 10 மில்லிகிராம் காட்டுவதைப் பார்த்து, பதறிப்போய்ப் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு போர்த் தண்ணீரை நிரப்பினால் அம்மோனியா 5-ஆகக் குறையும், பி.எச். 6-லிருந்து 7.8-க்கு ஏறும், நச்சு வடிவின் அளவு முப்பது மடங்காகும். நல்லதாக நினைத்துச் செய்த அந்த ஒரு மணி நேர வேலையே மீன்களைக் கொல்கிறது. மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது என்பதால் முதலில் தீவனத்தை நிறுத்தி, காற்றுக் குழாயைக் கூட்டி, நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று மெல்ல மாற்றுவதே சரி. இலை வெளுப்பதைக் கண்டு தீவனத்தைக் கூட்டுவதும் இதே வகைப் பிழை. நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் மட்டும் மஞ்சளித்தால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. கூடுதல் தீவனம் அம்மோனியாவைத்தான் கூட்டும்.

உப்பு வேறு கதை. இந்த முறையில் தண்ணீர் மிச்சம் என்பது உண்மை. ஆவியாவதையும் செடி குடிப்பதையும் ஈடுகட்ட நாளுக்கு 1 முதல் 3 சதவீதம் ஊற்றினால் போதும். நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு கரையில் இந்தச் சிக்கனம் சாதாரணமானது இல்லை. இறால் பண்ணைக் கழிவை எதிர்த்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்ததை நினைத்தால், கழிவை வெளியே விடாத மீன் வளர்ப்பு என்ற பெருமையும் இதற்கு உண்டு. ஆனால் வெளியே விடாததாலேயே உப்பும் உள்ளேயே தங்குகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள போர்த் தண்ணீரை நாளுக்கு 20 லிட்டர் ஊற்றினால் நூறு நாளில் இரண்டு கிலோ சேரும். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சோடியமும் குளோரைடும் அப்படியே நிற்கும். குளோரைடு இருப்பதால் நைட்ரைட் நச்சு மீனின் ரத்தத்தில் ஏறுவது குறையும் என்பது இதில் ஒரு ஆறுதல். ஆனால் பீன்ஸ் முதலில் கருகும், தக்காளி சற்றுத் தாங்கும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தென்னைக்கு விட்டு, மழைநீரும் போர்த் தண்ணீரும் கலந்து நிரப்புவதே இதற்கு வழி. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் அதற்கான குழாய் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது.

ஜிலேபி மீன் எதையும் தாங்குமே, இத்தனை கணக்கு எதற்கு என்று கேட்பார்கள். 1952-ல் இந்தியாவுக்குள் வந்து ஏரி குளமெல்லாம் பரவிய மீன் அது. உயிர் பிழைக்கும் என்பது சரி. உயிரோடு இருப்பதும் எடை கூடுவதும் ஒன்றாகாது. தீவனத்தைத் தொடாத மீனால் பாத்திக்கும் பயனில்லை. இதைவிட வலுவான எதிர்வாதம், மீனே வேண்டாம், உரக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் போதும் என்பது. மீனுக்காக மட்டும் இதில் இறங்குபவருக்கு அந்த வாதம் சரியென்றே சொல்வேன். நாளுக்கு 150 கிராம் தீவனம் என்றால் மாதம் நாலரை கிலோ. ஒன்றும் சாகாமல் இருந்தாலே மூன்று கிலோ மீன்தான். 50 வாட் மோட்டார் இரவும் பகலும் ஓட மாதம் 36 யூனிட் மின்சாரம் வேண்டும். சந்தை மீனோடு இது போட்டி போட முடியாது. கடை உரம் வாங்காமல், கரைசலைத் தெருவில் கொட்டாமல் ஆண்டு முழுக்க வீட்டுக்குக் கீரை எடுக்க நினைப்பவருக்கு மீன் ஓர் உரக்கிடங்கு. அந்த இடத்தில் ஹைட்ரோபோனிக்ஸ் இதற்கு ஈடாகாது. பிரதமரின் மத்ஸ்ய சம்படா திட்டம் 2020 முதல் சுழற்சி நீர் மீன் வளர்ப்புக்கு மானியம் தருகிறது. கட்டுமானச் செலவைக் கணக்கிடும் இத்தகைய உதவியோடு, அந்தந்த ஊர்த் தண்ணீரின் காரத்தன்மையையும் உப்பையும் சோதித்துச் சொல்லும் ஏற்பாடும் சேர்ந்தால்தான் தொட்டி நிலைக்கும்.

எத்தனை மீன் என்பதையும் இந்தக் கணக்கே தீர்மானிக்க வேண்டும். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் 2014 கையேடு ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோவை உச்ச வரம்பாகச் சொல்கிறது. 30 டிகிரியில் தண்ணீர் எவ்வளவு முயன்றாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவுக்கு மேல் பிடித்துவைக்காது. ஒரு கிலோ மீன் மணிக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராமை எடுத்துக்கொள்ளும். 20 கிலோ உள்ள தொட்டியில் மோட்டார் நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளில் மின்சாரத்தை முன்னெச்சரிக்கையாகவே நிறுத்திவைப்பார்கள். ஐந்து கிலோ மட்டும் வைத்திருந்தால் நான்கு மணி நேரம் கிடைக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பை மாட்ட அது போதும்.