அடைப்புக்கு முந்தைய நிமிடம்

பல் அடைத்துக்கொண்டு எழுந்ததும் எல்லோரும் கண்ணாடியில் பார்ப்பது நிறத்தை. பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்ந்துவிட்டால் வேலை பிரமாதம் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் ரசிப்பது அதற்கும் முன்னால் நடப்பதை. அடைப்புப் பொருளான ரெசின் உள்ளே போகுமுன் பல்லின் பரப்பைத் தயார்செய்யும் சில நிமிடங்கள் அவை. இரண்டு வருஷத்தில் கழன்று விழும் அடைப்பிலும், பத்து வருஷம் தாண்டியும் அசையாத அடைப்பிலும் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும். கைதான் வேறு.

பழைய வெள்ளி அடைப்புக்கு இந்தக் கவலை கிடையாது. பாதரசக் கலவை பல்லில் ஒட்டாது. அதனால் உள்ளே அகலமாகவும் வாயில் குறுகலாகவும் குழி வெட்டி, அதை அங்கே சிறைவைப்பார்கள். அந்த வடிவத்துக்காக நல்ல பல்லையும் சேர்த்துச் செதுக்க வேண்டியிருந்தது. ஒட்டும் ரெசின் வந்த பிறகு சொத்தையை மட்டும் எடுத்தால் போதும் என்றாயிற்று.

ஒட்டவைக்கும் வழியை 1955இல் சொன்னவர் மைக்கேல் புவனகோர். அமெரிக்காவின் ராசெஸ்டரில் இருந்த பல் மருத்துவர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவும் பழக்கம் உண்டு. அதைப் பல்லில் செய்து பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 85 சதவீத அமிலத்தைப் பல்லின் மேலோடான எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவி, அதன்மேல் அக்ரிலிக் துளியை வைத்தார். வெறும் எனாமலில் ஒரு நாள்கூடத் தாங்காத துளி, அமிலம் பட்ட எனாமலில் வாரக்கணக்கில் நின்றது. பெயின்டர்களிடமிருந்து பல் மருத்துவம் கடன் வாங்கிய வித்தை என்று சொன்னால் தவறில்லை.

பரப்பைத் தயார்செய்யும் இதே வித்தையின் இன்னொரு கிளையை இராமநாதபுரம் பக்கத்து மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் பார்க்கலாம். அடியில் விரிசல் விட்ட பைபர் படகைக் கரையேற்றி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, வெயிலில் காயவைத்து, கிரைண்டர் போட்டுப் பழைய பளபளப்பை உரித்த பிறகுதான் ரெசினும் கண்ணாடியிழை மேட்டும் வைப்பார்கள். ஈரத்தின்மேல் வைத்தால் அடுத்த நடைக்கே உரிந்து வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பல் ரெசினும் படகு ரெசினும் வேதியியலில் தூரத்துச் சொந்தம். இரண்டிலும் காற்று படும் மேற்பரப்பு கடைசிவரை கொஞ்சம் பிசுபிசுக்கும். ஆக்சிஜன் அங்கே இறுகவிடாது. கரையில் அடுத்த மேட்டும், கிளினிக்கில் அடுத்த அடுக்கும் அந்தப் பிசுபிசுப்பில்தான் பிடித்துக்கொள்கின்றன.

ஆனால் உறவு இதோடு முடிகிறது. படகைக் காயவைக்கலாம். பல்லை முழுக்கக் காயவைக்க முடியாது, காயவைக்கவும் கூடாது. இந்தக் கலையின் முழுச் சுவாரசியமும் இங்கேதான் இருக்கிறது.

எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். இன்று 37 சதவீத அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவிக் காற்றடித்தால் பளபளப்பு போய், சாக்பீஸ் வெள்ளையில் மங்கி நிற்கும். அந்த வெள்ளை விளிம்பு முழுக்க விட்டுப்போகாமல் தெரிந்தால் வேலை சரி. அதற்குப் பிறகு ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் மறுபடி அமிலம் வைக்க வேண்டும். வெறுமனே துடைத்துவிட்டு மேலே போகிற கையை நம்பக் கூடாது.

உள்ளே இருக்கும் டென்டின் வேறு ஜாதி. அதில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 நுண்குழாய்கள். நரம்பை நெருங்க நெருங்க எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். எல்லாவற்றிலும் திரவம். அமிலம் தாதுவைக் கரைத்ததும் கொலாஜன் இழைகளின் வலை மட்டும் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கும். காற்றை அதிகமாக அடித்தால் வலை படுத்துவிடும், பசை உள்ளே இறங்காது. ஈரம் அதிகமானால் பசை தண்ணீரில் கலைந்துபோகும். ஆகவே ஒரே குழிக்குள் விளிம்பு உலர்ந்தும் உள்தரை லேசாக மினுங்கியும் இருக்க வேண்டும். ஜப்பானின் ஃபுசாயாமா 1979இல் டென்டினிலும் அமிலம் வைக்கலாம் என்றபோது, நரம்பு செத்துவிடும் என்று மேற்கே பலர் பயந்தார்கள். 1982இல் டோக்கியோவின் நகபயாஷி, பசையும் கொலாஜனும் பின்னிக் கிடக்கும் மெல்லிய கலப்பு அடுக்கைக் காட்டினார். எதைப் பிடித்துக்கொண்டு அடைப்பு நிற்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இன்றைய ஒற்றைப் பாட்டில் பசைகள் டென்டினில் தாங்களே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. எனாமல் விளிம்புக்கு மட்டும் தனியாக அமிலம் வைப்பதை நல்ல கைகள் இன்னும் விடவில்லை.

இதற்கெல்லாம் உண்மையான பரீட்சை பல்லின் கழுத்தில் விழும் பள்ளம். கரித்தூளும் உப்பும் கொண்டு தேய்த்த பழக்கம், கடினமான பிரஷ்ஷைக் குறுக்காக இழுப்பது, இப்படிப் பல காரணங்கள் சேர்ந்து ஈறோரத்தில் ஆப்பு வடிவில் தேய்ந்திருக்கும். இராமநாதபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. சிறைவைக்கக் குழியே இல்லாததால் முழுக்க ஒட்டுதலை நம்பித்தான் அடைப்பு நிற்க வேண்டும். புதிய பசைகளை மருத்துவ ஆய்வுகளில் இந்தப் பள்ளங்களில் சோதிப்பதும் அதனால்தான். வருஷக்கணக்கில் தேய்ந்த டென்டின் கண்ணாடிபோல் மஞ்சளாக மின்னும். குழாய்கள் தாதுவால் அடைபட்டு அமிலத்தை ஏற்காது. மேல்தோலை பர் என்ற சுழல்முனை வைத்து லேசாக உரசி, எனாமல் விளிம்பைச் சாய்த்து, ஈறுக்கடியில் நூல் வைத்து அதன் கசிவை நிறுத்தி, பசையை மைக்ரோபிரஷ்ஷால் 20 விநாடி தேய்த்து, அதில் அலை ஓடுவது நிற்கும்வரை மெல்லக் காற்றடிக்கும் ஒருவரைப் பார்ப்பது ஒரு சுகம். அவசரம் எங்கும் தெரியாது.

நம் வீட்டுச் சாமான்களுக்கும் இதில் பங்குண்டு. பல்வலிக்குப் பஞ்சில் கிராம்பு எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அதிலுள்ள யூஜினால் ரெசினை இறுகவிடாது. சுத்தமாக எடுக்காமல் அடைத்தால் அடியில் ரெசின் குழைவாகவே கிடக்கும். நேர்மாறாக, நீல ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் கேம்பர்குவினோன் கற்பூரத்திலிருந்து செய்யப்படுவது. இராமேசுவரம் சன்னதித் தெருவில் பொட்டலமாக விற்கிற அதே கற்பூரத்தின் பிள்ளை!

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் சேரும். தினமும் வடிக்காவிட்டால், காயவைக்க அடிக்கும் காற்றே பல்லில் நுண்துளிகளைத் தூவும், சில நேரம் எண்ணெயையும். குழாயை முதலில் முகம் பார்க்கும் கண்ணாடியில் அடித்துப் பார்த்துவிட்டு வாய்க்குள் கொண்டுபோகும் பழக்கம் பார்க்க அற்பமாக இருக்கும். ரசிகர் கண் அதைத்தான் முதலில் தேடும். நோயாளியின் மூச்சே ஈரம்தான். 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் கண்டுபிடித்த ரப்பர் டேம் என்ற மெல்லிய விரிப்புக்கு இன்னும் சரியான மாற்று வரவில்லை. மூச்சு முட்டும் என்று நோயாளிகள் முரண்டு பிடிப்பார்கள். காட்டன் ரோலும் சக்‌ஷனும் வைத்துச் சமாளிப்பவர்களே அதிகம். பசைப் பாட்டில் இன்னொரு தலைவலி. அதிலுள்ள ஆல்கஹாலோ அசிட்டோனோ ஆவியாகிவிடும் என்பதால், கோடையில் மூடியைத் திறந்துபோட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

விளிம்பு சரியாகத் தயாரானதா என்பதை வெற்றிலை போடும் வாய் சீக்கிரம் சொல்லிவிடும். அமிலம் எட்டாத இடத்தில் சில மாதங்களில் அடைப்பைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு ஓடும். அதைக் கண்டதும் முழுசையும் பெயர்த்துப் போடுவது ஒரு பாணி. கோடு விழுந்த ஓரத்தை மட்டும் கீறிப் பார்த்து, அடியில் சொத்தை இல்லையென்றால் பழைய ரெசினை அலுமினா தூளால் ஊதிச் சொரசொரப்பாக்கி, சிலேன் என்ற பிணைப்புத் திரவம் தடவி, எனாமலுக்கு மறுபடி அமிலம் வைத்து அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது மற்றொன்று. இரண்டாவதற்கு நேரமும் பொறுமையும் கூடுதலாக வேண்டும். நல்ல பல்லில் ஒரு துணுக்குகூட வீணாகாது.