போரின் சுமையும் சமூக உறவுகளும்: மூன்று ஈழத்து நாவல்கள்

ஈழத்துப் போரைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்கள் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் தொடர்ந்து வெளிவந்துள்ளன. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்ற பின்னர் அவை மேலும் பெருகின. ஆயினும் அவை பற்றிய விவாதம் பெரும்பாலும், ஆசிரியர் எவ்வணியினர், எதனை ஆதரித்தார், எதனை மறைத்தார் என்னும் விசாரணையாகவே அமைந்துவிடுகின்றது. இவ்விசாரணை தேவையற்றதன்று. எனினும் நாவலொன்றின் உண்மை ஆசிரியரது அரசியற் சார்பினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. மன்னராட்சியை ஆதரித்த பால்சாக், தம் சார்பையும் மீறிப் பிரபுத்துவத்தின் வீழ்ச்சியைச் சித்திரித்தமையை 1888இல் ஏங்கல்ஸ் எடுத்துக்காட்டினார். எனவே, போரின் சுமை எம்மக்கள்மீது, எத்தகைய சமூக உறவுகளினூடாக இறங்கியது என வினவுவதே பயனுடையதாகும். இவ்வினாவை முன்வைத்து மூன்று நாவல்களைப் பரிந்துரைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, சயந்தனின் 'ஆதிரை' (2015). 1977ஆம் ஆண்டு வன்செயலையடுத்து மலையகத்திலிருந்து பெயர்ந்து வன்னியிற் குடியேறியோரின் வாழ்வை இந்நாவல் முக்கிய இழையாகக் கொண்டுள்ளது. தோட்டங்களில் உழைப்பைத் தவிர வேறுடைமை இல்லாதிருந்த இம்மக்களுக்கு, வெளிநாடு செல்லும் வாய்ப்பு எட்டாததாகவே இருந்தது. வசதியுடையோர் வெளியேற, வழியற்றோர் முள்ளிவாய்க்கால்வரை பெயர்ந்தனர். தேசிய விடுதலை பற்றிய பேச்சில் மறைந்துபோன வர்க்க வேறுபாட்டை இந்நாவல் இவ்வாறு மீட்டெடுக்கின்றது. பாத்திரங்களின் பெருக்கம் சிலவிடத்து ஆழத்தைக் குறைப்பினும், இது பொருட்படுத்தத்தக்க சாதனையே.

விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' (2011) அக்கரைப்பற்றுப் பிரதேசத்தைக் களமாகக் கொண்டது. 1985இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே மூண்ட கலவரம் அதன் பொருள். சந்தையில் அருகருகே அமர்ந்து வியாபாரம் செய்யும் எளிய பெண்களிடையே நிலவிய உறவு, உழைப்பின்வழி வளர்ந்தது. அது முறிந்தபோது இரு சாராரும் இழந்தது தம் பிழைப்பையுந்தான். கிழக்கிலங்கைப் பேச்சுவழக்கு வெறும் அலங்காரமாகாது, இரு சமூகங்களின் பொதுச்சொத்தாக இங்கு இயங்குகின்றது.

ஷோபாசக்தியின் 'ம்' (2004) போர் முடிவதற்கு முன்னரே வெளிவந்தது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட நிகழ்வு அதன் வரலாற்றுப் பின்னணி. ஆயின் சிறையிலிருந்து மீண்டவனைத் தியாகியாக்கி நாவல் அமைதி காண்பதில்லை. புகலிடத்தில், அவனது வீட்டினுள்ளேயே மகளுக்கு இழைக்கப்படும் கொடுமையை அது காட்டுகின்றது. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குபவனாகவும் இருக்கக்கூடும் என்னும் முரண்பாட்டை எதிர்கொள்ள முற்போக்கு வாசகரும் தயங்குதல் ஆகாது.

இம்மூன்றிலும் நாம் காணும் குறையொன்றும் உண்டு. டானியலின் 'பஞ்சமர்' (1972) சாதிக் கொடுமையைச் சித்திரித்ததுடன், அதனை எதிர்த்து மக்கள் அணிதிரண்டு போராடுவதையும் சித்திரித்தது. போரை எழுதிய நாவல்களிலோ உழைக்கும் மக்கள் பெரிதும் வரலாற்றின் சுமையைத் தாங்குவோராகவே தோன்றுகின்றனர். வரலாற்றை ஆக்குவோராக அருகியே காணப்படுகின்றனர். சுயாதீனமான வெகுசன இயக்கங்கள் நசுக்கப்பட்ட காலத்தின் உண்மை இதுவாதல் கூடும். அவ்வாறாயின், இந்நாவல்களின் குறையைச் சுட்டுவது அக்காலத்தின் குறையை ஆராய்வதும் ஆகும். அணி பிரித்து அவற்றை ஏற்பதையோ தள்ளுவதையோ விடுத்து, நம் வகுப்பறைகளில் மூன்றையும் அருகருகே வைத்துக் கற்பது அவ்வாராய்ச்சிக்குத் தக்க தொடக்கமாகும்.