ட்ரை ரன் காட்டும் நான்கு பத்திகள்

வேர்ட்பிரஸ் தளங்களைக் கட்டளை வரியிலிருந்து நிர்வகிக்கும் டபிள்யூபி-சிஎல்ஐயைப் புகழ்கிறவர்கள் வேகத்தைத்தான் புகழ்கிறார்கள். 2016-இல் பல தளங்களுக்குச் சுருக்கப்பெயர் வைக்கும் ஏலியாஸ் வசதி வந்ததிலிருந்து, வூகாமர்ஸ் ப்ளகினில் ஓடும் கடை எத்தனை இருந்தாலும் ஒரே வரியில் ப்ளகின்களை அப்டேட் செய்துவிடலாம். உண்மைதான். ஆனால் என் பிரியமெல்லாம் ட்ரை ரன் ஃப்ளாக் மேல்.

அந்த ஃப்ளாக்கைச் சேர்த்தால் கடையில் ஒரு ஃபைலும் அசையாது. அசைந்தால் எது எதுவாகும் என்று ஓர் அட்டவணை மட்டும் வரும். பெயர், ஆக்டிவா இல்லையா, இருக்கும் வெர்ஷன், வரப்போகும் வெர்ஷன்: ப்ளஸ் குறியும் கோடுமாகக் கட்டிய நான்கு பத்திகள். நான் கடைசி இரண்டைத்தான் முதலில் படிப்பேன். மூன்றாவது எண் மட்டும் மாறியிருந்தால் கண் நிற்காது. முதல் எண் மாறியிருந்தால் அந்த ப்ளகின் எக்ஸ்க்ளூடுக்கு, அதாவது அப்டேட்டிலிருந்து விலக்கும் வரிசைக்குப் போகும். பேமெண்ட் கேட்வேயும், எடை பார்த்து அனுப்புகூலி போடும் ஷிப்பிங் ப்ளகினும் எப்போதும் அங்கேதான். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தில் கனமான விநாயகர் ஒன்றை, நான் பார்த்துக்கொள்ளும் ஒரு கடையில், எங்கிருந்தோ ஒருவர் வாங்க வருகிறார். செக்கவுட்டில் அவருக்கு வெள்ளைத் திரை தெரியக் கூடாது.

அட்மின் பக்கத்தில் டிக் அடித்தால் போதாதா என்பார்கள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும்போது அட்மின் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்எச் வழியே வருவது வெறும் எழுத்து என்பதால் அட்டவணை வந்து சேர்ந்துவிடும். மெஜன்டோ என்ற வேறு கடை மென்பொருளை நடத்துகிறவர்கள் தங்கள் அப்டேட் கருவியான கம்போசரைச் சொல்வார்கள். அதன் லாக் ஃபைலின் ஒழுங்கு இங்கே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதிலும் ட்ரை ரன் உண்டு. ஆனால் அது டிபென்டென்சி அத்தனையையும் கொட்டும். கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அண்ணே, இது ரெண்டும் இன்னிக்கு வேணாம்" என்று விரல் வைத்துக் காட்ட அதில் வழியில்லை. இப்படி முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்பதால்தான் வேர்ட்பிரஸ் 5.5 கொண்டுவந்த ஆட்டோ அப்டேட்டை நான் எந்தக் கடையிலும் போடுவதில்லை.

வருத்தம் வேறு. இந்த அட்டவணையின் அழகு எண்களை நம்பி நிற்கிறது. 2017-இல் வூகாமர்ஸ் 2.6-இலிருந்து 3.0-க்குப் போனபோது, உள்ளே தகவலை எடுக்கிற, வைக்கிற முறையே மாறியது. எண் அதைச் சொன்னது. இன்று 8.9-க்குப் பின் 9.0, 9.9-க்குப் பின் 10.0 என்று எண்ணிக்கைதான் ஓடுகிறது. முதல் எண் மாறாத அப்டேட்டை மட்டும் விடும் மைனர் ஃப்ளாக்கைப் போட்டால், 9.9-இலிருந்து 10.0-க்குப் போவதைத் தடுக்கும், 10.0-இலிருந்து 10.1-க்குப் போவதைக் கேள்வியில்லாமல் விடும். சின்ன ப்ளகின்காரர்களோ சேஞ்ச்லாக்கில் 'சில பிழைகள் திருத்தப்பட்டன' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். எந்தப் பிழை? அதனால் அட்டவணையைப் படித்த பிறகும் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் எடுத்து, டெஸ்ட் கடையில் ஓர் ஆர்டர் போட்டு, பணம் போய் ரசீது வருகிறதா என்று பார்த்த பின்தான் ட்ரை ரன்னை நீக்கிவிட்டு என்டர் தட்டுகிறேன்.