கோட்டையூர் நூற்றொகையும் இலக்கிய எல்லையும்

ஒரு மொழியின் இலக்கியம் யாது என வினவுவார்க்கு இருவகையாக விடை கூறலாம். அம்மொழியிற் சிறந்த நூல்கள் இவை எனச் சிலவற்றைத் தேர்ந்து காட்டுதல் ஒன்று. அம்மொழி பேசும் மக்கள் எழுதியும் அச்சிட்டும் படித்தும் பாடியும் வந்த யாவற்றையும் ஒருங்கு வைத்துக் காட்டுதல் மற்றொன்று. இவ்விரு விடைகளும் சென்ற நூற்றாண்டில் செட்டிநாட்டிலே, காரைக்குடியிலும் அதன் அண்மையிலுள்ள கோட்டையூரிலும், செயல்வடிவம் பெற்றன. அவற்றை ஒப்பிட்டு நோக்கி, தமிழாய்வு மேற்கொள்ளத்தக்க நெறி யாது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் காரைக்குடியை நோக்குவோம். 1939ஆம் ஆண்டில் சா. கணேசன் அங்குக் கம்பன் கழகத்தை நிறுவினார். பங்குனித் திங்களில் நிகழும் கம்பன் விழாவின் நிறைவுநாள், கம்பர் அடக்கம் கொண்ட இடமென வழங்கும் நாட்டரசன்கோட்டையில் நடைபெறுதல் மரபு. ஒரு காப்பியத்தை எடுத்துக்கொண்டு, அதன் மாந்தர் செயல்களுக்கு முறை கேட்டு, அணி அணியாகப் பிரிந்து வாதிட்டு, நடுவர் முடிவு கூறும் பட்டிமண்டபம் அவ்வரங்கில் வளம்பெற்று வளர்ந்தது. ஏட்டைத் திறந்தறியாத வணிகரும் உழவரும் கம்பன் செய்யுளைக் கேட்டு இன்புற்றனர். நூலாராய்ச்சியை ஊரறியச் செய்த இப்பணியைத் தமிழுலகம் என்றும் போற்றும்.

எனினும் பட்டிமண்டபத்திற்கு ஓர் இயல்பான எல்லை உண்டு. கேட்போர் முன்னரே அறிந்த கதையாக இருந்தாலன்றி வாதம் சுவைபடாது. ஆதலின், அறியப்பட்ட நூலே மீண்டும் மீண்டும் அரங்கேறும். அறியப்படாத நூல் அரங்கிற்கு வெளியே நின்றுவிடும். நூலை ஆராய்தற்கு உகந்த அவ்வரங்கு, புதிய நூலைக் கண்டெடுத்தற்கு உரிய இடமன்று.

கண்டெடுக்கும் பணி கோட்டையூரில் நிகழ்ந்தது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த முத்தையா செட்டியார், 'ரோஜா' முத்தையா எனப் பெயர் பெற்றவர், 1950ஆம் ஆண்டையொட்டி நூல் திரட்டத் தொடங்கி, 1992இல் மறையும்வரை அப்பணியை விடாது செய்தார். பண்டை இலக்கியப் பதிப்புகளும் சித்த மருத்துவ நூல்களும், சமய நூல்களும் நாவல்களும், கதைப்பாடல்களும் சிந்துகளும், நாடக நூல்களும் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களும், மாதர் இதழ்களும் நாடக அறிவிப்புத் தாள்களும் அழைப்பிதழ்களும் அவர் இல்லத்தில் இடம்பெற்றன. நூலும் இதழும் துண்டுத்தாளுமாக ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் அவ்வாறு சேர்ந்தன. இஃது உயர்ந்தது, இது தாழ்ந்தது எனப் பிரித்துத் தள்ளாமையே அத்தொகுதியின் தனித்தன்மை.

இங்கு ஒரு தடை எழும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தல் குவியலாகுமே அன்றி இலக்கியமாகுமோ? இத்தடைக்கு நம் வரலாற்றிலேயே வலிய சான்றும் உண்டு. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், தாம் கற்ற நூல்களை அடுக்கிக் கூறிய உ. வே. சாமிநாதையரிடம் சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். அந்தாதியும் கோவையும் பிள்ளைத்தமிழும் உலாவும் ஆகப் பல நூறு நூல்களைக் கற்றிருந்த பெரும்புலவர், அப்பெருங்காப்பியத்தைக் கற்றிருக்கவில்லை. அவ்வினாவின் பயனாகவே 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பிற பெருநூல்களும் பின்னர் வெளிவந்தன. சிறுநூல்களின் பெருக்கம் பெருநூல்களை மறைத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. எனவே, அன்று எல்லையைச் சுருக்கிப் பெருநூல்களின்மேற் கண்வைத்தது காலத்திற்கேற்ற செயலே என யாமும் உடன்படுகின்றோம்.

ஆயினும், ஒரு காலத்து மருந்தை எக்காலத்தும் உணவாகக் கொள்ளுதல் தகாது. பெருநூல்கள் அச்சேறி, பல்கலைக்கழகப் பாடங்களாகி, உரையும் ஆராய்ச்சியும் பெற்றுவிட்டன. இன்று மறைவில் கிடப்பன வேறு நூல்கள். மேலும், எல்லையைச் சுருக்குதல் நம் பழைய இலக்கணத்தின் கருத்துமன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பு வழங்கும் நிலைக்களன்களாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழனைக் குறித்தார். விடுகதையாகிய பிசியும் பழமொழியாகிய முதுசொல்லும் பாட்டோடு ஒரே வரிசையில் நிற்றலை நோக்குக. பிற்காலத்துப் பாட்டியல் நூலாரும் வகை பலவற்றுக்கு இலக்கணம் வகுத்தனர். சிற்றிலக்கிய வகை தொண்ணூற்றாறு என்னும் வழக்கும் எழுந்தது. வகையறிந்து நூலறிதல் தமிழ் மரபு. அச்சுக் காலத்தில் தோன்றிய வகைகளுக்கு அம்மரபை நாம் நீட்டித்தோமில்லை என்பதே குறை.

பல்வகை நூல்களையும் ஒருங்கு நோக்குவதால் விளையும் பயன்களை மூன்றாகக் காட்டுவோம்.

முதலாவது, படிப்போர் வரலாறு விளங்கும். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவான தாளில் அச்சிட்டு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் கொலையையும் வெள்ளத்தையும் இரயில் விபத்தையும் பாடின. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலில் (2004) அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தபின், அக்காலத்து எளிய மக்கள் எவற்றைக் காசு கொடுத்து வாங்கிப் பாடினர் என்பது தெரியலாயிற்று. இலக்கிய வரலாற்று நூல்கள் அதுவரை புலவரைக் கூறின. அப்புலவரை அறியாது வேறு பாட்டுகளில் திளைத்த பெருங்கூட்டத்தைக் கூறவில்லை.

இரண்டாவது, சிதறிக் கிடக்கும் நூல்களைத் திரட்டியபின்னரே சில வகைகள் வகைகளாகப் புலப்படும். இதற்கும் கோட்டையூரே சான்று தருகின்றது. அவ்வூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார் (1911–1983), 1943இல் தொடங்கிய 'குமரி மலர்' இதழில் பழைய எழுத்துகள் பலவற்றைத் தேடி மறுபதிப்பாக வெளியிட்டார். பலர் பல காலத்தில் எழுதிய பயணக் கட்டுரைகளைத் 'தமிழ்நாடு' என்னும் தொகுப்பாகவும் அளித்தார். தனித்தனியே கிடந்தபோது குறிப்பாக மட்டும் தோன்றியவை, ஒருங்கு நின்றபோது தமிழிற் பயண இலக்கியம் உண்டு என்பதை மெய்ப்பித்தன.

மூன்றாவது, பெருநூலைக் கற்றற்கும் சிறுநூல் துணைசெய்யும். கம்பன் விழா அவையில் அமர்ந்தோர் இராமகாதையை முதன்முதல் அவ்வரங்கிலா கேட்டனர்? சீகாழி அருணாசலக் கவிராயர் (1711–1779) கம்பனை அடியொற்றிச் செய்த இராம நாடகக் கீர்த்தனைகள் இசை மேடையிலும் நாடக மேடையிலும் பரவியிருந்தன. ஏற்றப்பாட்டாகவும் கூத்தாகவும் அக்கதை வயலிலும் தெருவிலும் வழங்கியது. அவ்வழிகளாற் பண்பட்ட செவியே கம்பன் கவியை ஏற்றது. ஆகவே, கம்பனைத் தமிழ் மக்கள் கற்ற வரலாற்றை எழுதப் புகுவார், கோட்டையூர்த் தொகுதி போன்ற ஒன்றைக் காணாது எழுதுதல் இயலாது. காரைக்குடியின் அரங்கிற்குக் கோட்டையூரின் அலமாரி வேண்டப்படுகின்றது.

இவ்வளவு கூறியதனால், எல்லா நூலும் ஒருநிகர் என்பது எம் கருத்தெனக் கொள்ளற்க. தொகுப்பாளர்க்குச் சமநோக்கு அறமாகும். திறனாய்வாளர்க்கு அது போதாது. அண்மைக்கால ஆய்வேடுகள் சிலவற்றில் ஒரு தளர்ச்சியைக் காண்கின்றோம். குஜிலிப் புத்தகத்தைக் கையிலெடுப்பவர் அதன் ஆண்டையும் விலையையும் அச்சகத்தையும் குறித்து, அக்காலச் சமுதாயச் செய்தியைப் பிழிந்தெடுத்து அமைகின்றார். பாட்டு நன்றாக உள்ளதா என்று வினவுவதில்லை. இஃது அந்நூலை மதித்தலன்று. சான்றுப் பொருளாக மட்டும் வைத்து இலக்கிய அவைக்குப் புறத்தே நிறுத்துதலாம். கம்பனை அளக்கும் கோலால் கொலைச்சிந்தை அளத்தல் பொருந்தாது. ஆனால் கொலைச்சிந்துகளுக்குள்ளே நல்லதும் உண்டு, தீயதும் உண்டு. கேட்போர் நெஞ்சை நிறுத்திக் கதையை நடத்திச் செல்லும் சிந்தும், செய்தித்தாள் வரிகளைச் சந்தத்தில் திணித்த சிந்தும் ஒன்றாகா. எவ்வகையைச் சேர்ந்தது, அவ்வகை யாருக்காக எழுந்தது, தன் வகைக்குரிய செயலை அது செவ்வனே செய்ததா என்னும் மூன்று வினாக்களையும் ஒவ்வொரு நூலிடத்தும் எழுப்புதல் வேண்டும். மூன்றாவது வினாவை விடுத்தால் திறனாய்வு இல்லை.

இனி, இப்பணியை விரைந்து செய்ய வேண்டிய காரணத்தைக் கூறுவோம். முத்தையா செட்டியார் மறைந்தபின் அவர் தொகுதியைச் சிகாகோப் பல்கலைக்கழகம் பெற்று, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. தொகுதி சிதறாது தமிழ்நாட்டிலேயே தங்கியதும், நூல்கள் நுண்படமெடுக்கப்பட்டதும் பெரும்பேறு. தரமணியில் இன்று அதனை ஆய்வாளர் பயன்கொள்கின்றனர். ஆயினும், செட்டிநாட்டு மாணவர்க்கு அவர் மண்ணில் திரண்ட செல்வம் நெடுந்தொலைவு சென்றுவிட்டது என்பதும் மறுக்கவியலாதது.

எஞ்சியவை இன்னும் அவ்வூர்களில் உள்ளன. பூட்டிய வீடுகளின் மேல்மாடங்களிலும் பெட்டகங்களிலும் பாட்டனார் வாங்கிய நூல்கள் கிடக்கின்றன. வீடு பிரிக்கப்படும்போது தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளை அடைகின்றன. தாள் எடைக்குப் போகின்றது. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' (1959) என்னும் நூலில் பெயரளவில் எஞ்சிய பண்டை நூல்களை வரிசைப்படுத்திக் காட்டினார். அவை ஓலைக் காலத்து இழப்புகள். அச்சு நூலுக்குப் படிகள் பல உண்டு, அதனால் அழியாது என்று கருதுவோர், மலிவான நூலை எவரும் பேணுவதில்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஆதலின், முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆய்வுக் காலத்தில் ஓர் ஊரில் ஒரு வீட்டின் நூல்களையேனும், வகை, அச்சகம், ஆண்டு, விலை ஆகியவற்றுடன் பட்டியலிட்டுத் துறைக்கு அளிக்கலாம். துறையின் கருத்தரங்குகளில் ஒரு பெருநூலோடு அதே பொருள் பற்றிய ஒரு சிறுநூலையும் உடன்வைத்து வாதிடலாம். காரைக்குடி கற்பித்த வாதமுறையும் கோட்டையூர் கற்பித்த தேடலும் அவ்வழியால் ஒன்றுசேரும். முத்தையா செட்டியார் தனியொருவராய் நாற்பதாண்டு செய்ததில் ஒரு சிறு பங்கினைப் பல்கலைக்கழகத் துறைகள் கூடிச் செய்தல் அரிதன்று என்பது எம் துணிபு.