பருத்த சாய்வெழுத்தின் அழகு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் உருவான 'ஃபேட் ஃபேஸ்' என்ற மிகப் பருத்த எழுத்துருக்களில் கண்ணை விட்டு அகலாதது அவற்றின் சாய்வு வடிவம்தான். லாட்டரி விளம்பரம், நாடக நோட்டீஸ் என்று சுவரொட்டிகள் பெருகிய காலம் அது. புத்தகத்துக்கு வார்த்த மெல்லிய எழுத்து தெருவில் எடுபடவில்லை. போகிறவரை நிறுத்திப் படிக்கவைக்கும் கனம் வேண்டியிருந்தது. எழுத்து இப்படிப் பருத்ததற்கு முக்கியக் காரணம் ராபர்ட் தோர்ன் என்ற எழுத்து வார்ப்பாளர் என்று வில்லியம் சாவேஜ் 1822-இல் எழுதினார். தோர்ன் 1820-இல் இறந்தபின் அவருடைய வார்ப்படச் சாலையை வில்லியம் தோரோகுட் வாங்கினார். ஸ்டீஃபன்சன் பிளேக் நிறுவனம் 1953-இல் மறுபடி வெளியிட்ட எழுத்துரு தோரோகுட்டின் பெயரையே தாங்கியது.

நிமிர்ந்த ஃபேட் ஃபேஸ் தூண் வரிசை போல அசையாமல் நிற்கும். சாய்த்தவுடன் அதே கனத்துக்கு ஓட்டம் வந்துவிடுகிறது. நிமிர்ந்த எழுத்தை அப்படியே ஒருபுறம் தள்ளினால் இது கிடைக்காது. பேனா ஓடும் வழியை அறிந்து ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைய வேண்டும். சிறிய 'n' எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கைவேலை தெரியும். பருத்த முதற்காலின் அடியிலிருந்து மயிரிழை போன்ற கோடு மேலேறி, வளைந்து, மறுபடி பருத்து இறங்கி, கடைசியில் மெல்லிய வாலாகச் சுழிகிறது. நடுவே எஞ்சும் வெள்ளை, கறுப்புக் கோட்டைவிடக் குறுகலானது. எழுத்தைப் படிக்கவைப்பது அந்த வெள்ளைக் கீற்றுதான். அது அடைபட்டால் மிஞ்சுவது வெறும் மைத்திட்டு. 'a', 'c', 'r' ஆகியவற்றின் நுனியில் தொங்கும் உருண்டைகளும் இதன் தனி அழகு. ஆனால் வரைந்தவரின் முழுத் திறமையும் வெளிப்படும் இடம் '&' குறி. கனத்த வயிறும் இழைச் சுழிப்பும் அங்கே ஒரே வீச்சில் கூடிவருகின்றன.

உலோக அச்சில் இது எளிதான எழுத்தல்ல. சாய்ந்த 'f' தன் கட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். சற்று அழுத்தினால் உடையும். மயிரிழைக் கோடுகளும் விரைவில் நசுங்கும். இருந்தும் ஆசை குறையவில்லை. அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1928-இல் அல்ட்ரா போடோனியைச் சாய்வு வடிவத்துடன் தந்தார். வின்சென்ட் ஃபிகின்ஸின் பழைய எழுத்துகளை ஒட்டி மாத்யூ கார்ட்டர் 1992-இல் வரைந்த எலிஃபண்ட், மைக்ரோசாஃப்ட் மென்பொருளோடு எண்ணற்ற கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த எழுத்துக்கு ஏற்ற இடங்கள் பத்திரிகைத் தலைப்பு, புத்தக அட்டை, சுவரொட்டி, உணவகப் பெயர்ப்பலகை. இரண்டு மூன்று சொற்களே போதும். அளவு பெரிதாக இருக்க வேண்டும். பத்தி முழுக்க அமைத்தால் கண் களைத்துவிடும். சிறிய அளவில் இழைகள் மறைந்து எழுத்து துண்டுதுண்டாகும். முழுச்சொல்லையும் பெரிய (கேபிடல்) எழுத்தில் அமைப்பதும் வீண்தான், ஓட்டமெல்லாம் சிறிய எழுத்துகளில் இருப்பதால். மெல்லிய நிமிர்ந்த எழுத்து வரிகளுக்கிடையே, சுற்றிலும் தாராளமாக வெற்றிடம் விட்டு ஒரே வரியாக அமைத்தால் இதன் வளைவுகள் முழுதாகத் தெரியும்.