உடம்பைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நூல்கள்

மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறை அலை தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவுக்கு வந்து சேர்ந்த நாள் முதல், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ் வாசகர் கைக்கு எடைக் குறைப்பு நூல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் குரலைக் குறை சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது: "சுருக்கென்று சொன்னால்தான் நம் ஆட்களுக்கு உறைக்கும்." படித்தவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும்கூட இதைச் சொல்கிறார்கள். இந்த வாதம் தவறானது மட்டுமல்ல, தீங்கானதும்கூட என்பது என் நெடுநாள் கருத்து.

சிக்கல் கற்பனையல்ல. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பாதிப் பேர் அதிக எடை கொண்டவர்கள். 2023இல் அது 54.4 விழுக்காடு. 2019 கணக்கில் இந்தியரிடையே 10இல் 6 பேர் அதிக எடையோடும், 3 பேர் நீரிழிவோடும் இருந்தார்கள். நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' போன்ற நூல்கள் மாவுச்சத்தைப் பற்றிச் சாதாரண வாசகரையும் பேச வைத்தன. உணவு முறையை மாற்றுமுன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் பழக்கத்தைப் பேலியோ குழுக்கள் பரப்பின. இந்நூல்களின் தமிழும் எளிய, தெளிவான தமிழ். இதற்கெல்லாம் நன்றி சொல்லலாம்.

ஆனால் இவ்வகை நூல்களில் பெரும்பாலானவை எடையை ஒருவருடைய குணத்துக்குச் சான்றாக வாசிக்கின்றன. மெலிந்தவர் மனவுறுதி உள்ளவர். பருத்தவர் நாக்குக்கு அடிமை. 'முன்', 'பின்' என்று அச்சாகும் இரட்டைப் படங்கள் இதைத்தான் சொல்கின்றன. முதல் படத்தில் இருப்பவர் குற்றவாளி, இரண்டாம் படத்தில் இருப்பவர் திருந்தியவர். முதல் படத்தில் இருந்தபோது அவர் என்ன வேலை பார்த்தார், எத்தனை மணிக்கு வீடு திரும்பினார், வீட்டில் யார் சமைத்தார்கள் என்று எந்தப் பக்கமும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் கணக்கு வேறாக வந்திருக்கும். இந்த நாட்டில் சீனி கிலோ 2.85 ரிங்கிட், உள்ளூர் வெள்ளை அரிசி கிலோ 2.60 ரிங்கிட் என்று அரசே விலையைக் கட்டிப்போட்டிருக்கிறது. இந்நூல்கள் சாப்பிடச் சொல்லும் பாதாமுக்கும் வெண்ணெய்க்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஷா ஆலமில் 12 மணி நேரக் காவல் வேலை முடித்து நள்ளிரவில் வருபவருக்குத் திறந்திருப்பது மாமாக் கடை. அங்கே மலிவாகக் கிடைப்பது ரொட்டி சானாயும் டின்பால் ஊற்றிய தே தாரேக்கும்தான். அவரிடம் காலையில் கைநிறையப் பாதாம் சாப்பிடச் சொல்லிவிட்டு, அது முடியாதபோது மனவுறுதி இல்லை என்று தீர்ப்பெழுதுவது எந்த மருத்துவம்? மலிவு விலை அடுக்ககத்தில் நான்கு பேருக்குச் சோறு வடிக்கும் பெண்ணிடம் "அரிசியை விடுங்கள்" என்பவர், அவள் ஒரே அடுப்பில் இரண்டு சமையல் செய்ய வேண்டியிருப்பதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

உடலியலும் இந்தத் தீர்ப்புக்குத் துணை நிற்பதில்லை. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் உடல்களையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2. புனேயில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, எடை குறைந்து பிறந்தவற்றிலும் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை என்று தெரிந்தது. தாய் வயிற்றில் கிடைத்த ஊட்டமும் பிள்ளையின் பிற்கால உடலைத் தீர்மானிக்கிறது என்று யாஜ்னிக் வாதிடுகிறார். ரப்பர் தோட்டத்தில் பட்டினியோடு பிள்ளை பெற்றவர்களின் வாரிசுகளான நமக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறென்ன இருக்கிறது?

உடம்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பது நம் நாவலாசிரியர்களுக்குத் தெரியும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை ஜப்பானியர் காலத்துப் பசித்த உடம்பை எழுதியவை. அந்த எலும்பும் தோலுமான உடம்பைப் பார்த்து யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை; அதை அப்படி ஆக்கியவர்கள் யார் என்று கேட்டோம். அதே சமூகத்தின் பேரப்பிள்ளைகள் தோட்டம் கைமாறியதால் நகரத்துக்கு வந்து, மலிவான மாவிலும் சீனியிலும் வளர்ந்து உடல் பருத்தபோது, அந்தக் கேள்வியை ஏன் கைவிட்டோம்? மெலிந்த உடம்புக்கு வரலாறு உண்டு, பருத்த உடம்புக்குக் குணக்கேடு மட்டுமே உண்டு என்பது எழுத்தின் நேர்மையின்மை.

வெட்கப்படுத்தினால் உறைக்கும் என்பவர்கள் அதன் விளைவையும் பார்க்கட்டும். வெட்கப்பட்டவர் கிளினிக்கில் எடை பார்க்கும் மேடையைத் தவிர்க்கிறார். சீனி அளவைச் சோதிக்காமல் நாள் கடத்துகிறார். எதிரே பிறர் இருக்கும்போது குறைவாகவும் தனியே இருக்கும்போது அதிகமாகவும் சாப்பிடுகிறார். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் பெண்ணுக்கு இந்த வெட்கம் இரட்டிப்பு. அங்கே புத்தகம் அத்தைமாரின் வாய்க்கு இன்னொரு ஆயுதமாகிறது. நோயைக் குறைக்க வந்த நூல் நோயாளியை மருத்துவரிடமிருந்து விலக்கினால், அதன் மற்ற அறிவுரைகள் எத்தனை சரியானவையாக இருந்தாலும் அது தோற்ற நூல்.

இங்குள்ள தமிழருக்காக எடை பற்றி எழுதுபவர் 1,700 ரிங்கிட்டில் ஒரு மாதச் சந்தைக் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். இரவு வேலை பார்ப்பவருக்கு மாமாக் கடையிலேயே எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லட்டும். சீனி விலையை ஒரு கையால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, 2019 முதல் மறுகையால் இனிப்புப் பானங்களுக்கு வரி போடும் அரசையும் நாலு கேள்வி கேட்கட்டும். வாசகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை ஒரு நூல் நிறுத்தாத வரை, எத்தனை பதிப்புகள் விற்றாலும், அதை மருத்துவ நூல் என்று என்னால் ஏற்க முடியாது.