நீக்கிய கட்டுரையை மீட்டெடுத்தல்: ஒரு மதிப்பீடு

விக்கியில் ஒரு கட்டுரையை நீக்குவது, தாளைக் கிழித்துக் குப்பையில் போடுவது போன்றதன்று. மீடியாவிக்கி மென்பொருள் அப்பக்கத்தின் எல்லாத் திருத்தங்களையும் தரவுத்தளத்தில் தனியே ஒதுக்கி வைக்கிறது. நிர்வாகி அணுக்கம் உள்ளவர்கள் அவற்றைப் படிக்கலாம். முழுவதையுமோ, தேவையான திருத்தங்களை மட்டுமோ மீட்டெடுக்கலாம். யார், எப்போது, என்ன காரணம் சொல்லி நீக்கினார் என்பது நீக்கல் பதிவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நீக்கப்பட்ட உரையை எழுதியவரே கூடப் பார்க்க முடியாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சர்ச்சையற்ற நீக்கங்களுக்கு மீட்பு வேண்டுகோள் பக்கம். உரையாடி முடிவெடுத்த நீக்கங்களுக்கு மீளாய்வுப் பக்கம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா சிறிய சமூகம். அங்கே இத்தகைய பேச்சு பெரும்பாலும் நிர்வாகியின் பேச்சுப் பக்கத்திலோ ஆலமரத்தடியிலோ நடக்கிறது. மனிதர் மனிதரிடம் நேராகக் கேட்பது நல்ல வழக்கம். எனினும், நீக்கியவரே பதிலும் சொல்லும்போது இரண்டாவது கண் இல்லாமற் போகிறது. புதியவருக்கோ எங்கே கேட்பது என்பதே தெரிவதில்லை.

கேட்டதையெல்லாம் மீட்கவும் கூடாது. இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லாண்ட் பற்றிய ஆங்கிலக் கட்டுரை 2014இல் பதிப்புரிமை மீறலுக்காக நீக்கப்பட்டது. 2018 மே மாதத்தில் இன்னொரு வரைவு, போதிய சான்றுகள் இல்லை என்று ஏற்கப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. முதல் முடிவு சரியானது. படியெடுத்த உரையை மீட்க முடியாது, சொந்த நடையில் புதிதாக எழுதவேண்டும். இரண்டாவது, மதிப்பீடு. சான்று மாறினால் மதிப்பீடும் மாறவேண்டும்.

நீக்கிய கட்டுரையைக் கணினியில் வைத்திருந்த படியிலிருந்து மீண்டும் ஒட்டுவதும் தீர்வாகாது. விக்கிப்பீடியாவின் படைப்பாக்கப் பொதும உரிமம், எழுதியவர்களுக்கு உரிய பெயரைத் தரச் சொல்கிறது. பிறரும் திருத்திய கட்டுரையை ஒருவர் ஒட்டினால் அவர்களின் பெயர்கள் மறைந்துவிடும். மீட்டெடுத்தால் வரலாறும் சேர்ந்தே திரும்பும்.

என் குறை, நீக்குவதைப் பற்றியதன்று. காரணம் சொல்லும் முறையைப் பற்றியது. விடைத்தாளில் சிவப்புக் கோடு மட்டும் போட்டால் மாணவன் எதையும் கற்கமாட்டான். "குறிப்பிடத்தக்கமை இல்லை" என்ற ஒற்றை வரியும் அப்படித்தான். என்ன சான்று வேண்டும் என்று பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி, பதிப்புரிமைச் சிக்கல் இல்லையெனில் உரையைப் பயனரின் மணல்தொட்டிக்கு நகர்த்தினால், ஒரு பங்களிப்பாளர் நமக்கு மிஞ்சுவார்.

மாணவர்களும் சினம் கொள்ளாமல் நீக்கல் பதிவைப் படியுங்கள். சார்பற்ற இரண்டு சான்றுகளைத் தேடி எடுத்துக்கொண்டு, நீக்கியவரிடம் கேளுங்கள். உரை அழியவில்லை, கேட்பவருக்காகக் காத்திருக்கிறது.